கேமரா யாருடைய பாடம்?

மாணவர் சேர்க்கைக் காலம் தொடங்கிவிட்டால், என் போன்ற ஆய்வு மாணவர்களுக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறும்: "உங்கள் துறையில் என்ன கேமரா வைத்திருக்கிறார்கள்?" கேட்பவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், சிலர் பொறியியலில் ஓராண்டு படித்துவிட்டு வெளியேறியவர்கள். திரைப்படம், காணொளி, ஒளிப்படம் ஆகியவற்றை ஒரு சிறிய நுண்கலைக் கல்லூரியில் படிக்கலாமா, அல்லது கடன் வாங்கியாவது பெருநகரத் தனியார் ஊடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிடுவதா என்பதே அவர்களுடைய உண்மையான ஐயம். கேமராவின் பெயரைச் சொல்லி இந்த ஐயத்தைத் தீர்த்துவிட முடியாது. தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே ஒருசேர எழுதுகிறேன். ஆசிரிய நண்பர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறேன். அரசு நிதியில், குறைந்த கட்டணத்தில் நடக்கும் ஒரு சிறிய நுண்கலைக் கல்லூரியில், ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அருகே, அவற்றுக்கு இணையான முதன்மைப் பாடமாகக் கேமரா கற்பிக்கப்பட வேண்டும். அதை ஒரு தொழில்திறன் இணைப்பாகவோ தனிக் கட்டணம் வாங்கும் சுயநிதிப் பிரிவாகவோ மாற்றுவது, இந்தியாவில் கேமராவின் வரலாறு நம்மிடம் விட்டுச்சென்ற ஒரு கடனைத் தீர்க்காமல் ஓடிப்போவதற்குச் சமம்.

அது என்ன கடன்?

இந்தியக் கலைக் கல்லூரிக்குள் கேமரா நுழைந்த கதை, பலர் நினைப்பதைவிட மிகப் பழையது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியே இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலம். பாரிசில் டாகேரின் முறை அறிவிக்கப்பட்டது 1839இல். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னைக் கலைப் பள்ளியில் ஒளிப்படம் கற்பிக்கப்பட்டது. அதாவது, நம் நாட்டில் கலைக் கல்விக்கும் கேமராவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒளிப்படம் கலைக் கல்லூரிக்குப் புதிதாக வந்த விருந்தாளி என்று பாடத்திட்டக் குழுக்களில் பேசுபவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அன்றைய கேமரா யாருக்காக உழைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக லின்னேயஸ் ட்ரைப் நியமிக்கப்பட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படிகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக ஆக்கினார். இன்று பார்த்தாலும் வியக்கவைக்கும் பொறுமை அது. எனினும் அப்பொறுமைக்குப் பின்னே, தான் ஆளும் நிலத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த ஓர் அரசு இருந்தது. கற்களோடு அந்தக் கணக்கு நிற்கவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற ஒளிப்படத் தொகுப்பு மனிதர்களைச் சாதிகளாகவும் பழங்குடிகளாகவும் பிரித்து அடுக்கியது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலிலும் ஒளிப்படங்கள் உண்டு. இத்தகைய படங்களில் நிற்கும் மனிதர்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. சாதியின் பெயரே படத்தின் தலைப்பு.

விடுதலைக்குப் பின் கேமராவின் எசமானர் மாறினார். நம் நுண்கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் ஒளிப்படம் பயன்பாட்டுக் கலைத் துறையின் துணைப்பாடமாக வைக்கப்பட்டது. விளம்பரத்துக்குப் பொருளை எப்படி எடுப்பது, வெள்ளைப் பின்னணியில் நிழல் விழாமல் எப்படி ஒளியமைப்பது என்பதே அதன் உள்ளடக்கம். ஓவியத் துறையில் கேமரா இருந்தாலும், முடிந்த ஓவியத்தைப் படமெடுத்து ஆவணக் கோப்பில் சேர்க்கும் கருவியாகவே இருந்தது. ஒரு கல்லூரியில் எந்தத் துறையின் அலமாரியில் கேமரா பூட்டிவைக்கப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கல்லூரி கேமராவைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அரசின் கேமரா, சந்தையின் கேமரா ஆகிய இரண்டுக்கும் வெளியே மூன்றாவது மரபு ஒன்று இங்கே உண்டு. சிறிய கலைக் கல்லூரிகளின் நிழலில் வளர்ந்த மரபு அது.

சத்யஜித் ராய் 1940இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலேயே 1942இல் கல்கத்தா திரும்பினார். அங்கே அவருக்கு யாரும் கேமரா கற்பிக்கவில்லை. நந்தலால் போஸிடமும் பினோத் பிகாரி முகர்ஜியிடமும் கோட்டையும் வெற்றிடத்தையும் கற்றார். தோழர்களுடன் அஜந்தாவுக்கும் எல்லோராவுக்கும் சென்று பார்த்தார். பின்னாளில் பார்வையை இழந்துவிட்ட தம் ஆசிரியர் பினோத் பிகாரியைப் பற்றி 1972இல் 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பார்வையிழந்த ஓவியர் ஒருவரிடம் பார்க்கக் கற்றதற்கு ஒரு திரைப்பட இயக்குநர் செலுத்திய நன்றி அது. திரைப்படக் கல்வி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைப் பாடத்திட்டம் எழுதுபவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பரோடாவை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நுண்கலைப் புலத்தில் ஓவியம் பயின்று, அச்சோவியராகவும் ஆசிரியராகவும் விளங்கிய ஜோதி பட், 1967இல் குஜராத்தின் நாட்டார் கலைகளைப் படமெடுக்கும் பணி ஒன்றை ஏற்றார். அந்தப் பணி முடிந்தது, படமெடுப்பது முடியவில்லை. சுவரில் வரைந்த கோலங்களையும் அவற்றை வரைந்த பெண்களையும் பல்லாண்டுகள் தொடர்ந்து எடுத்தார். அச்சோவியருக்குரிய கண் அப்படங்களில் வேலை செய்வதை எளிதாகக் காணலாம்: சுவர் அவருக்குப் பின்னணி அன்று, சுவரும் அதன்முன் நிற்கும் மனிதரும் ஒரே தளத்தில் சம மதிப்போடு இருப்பார்கள். தர்ஸ்டனின் நூலிலுள்ள படங்களையும் ஜோதி பட்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பயிற்சி ஒன்றே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம்.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் காட்சித் தொடர்பியல் படித்த தயானிதா சிங், மாணவப் பருவத்துப் பணியாகத் தபலா கலைஞர் ஜாகிர் உசேனைப் படமெடுக்கத் தொடங்கினார். அதிலிருந்து 1986இல் அவருடைய முதல் நூல் பிறந்தது. பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்சி, தமக்குக் கிடைத்த நேரு நல்கையைக் கொண்டு 1969இல் ஒரு கூட்டுப் பட்டறையை அமைத்தார். ஓவியர்களும் திரைப்படக்காரர்களும் ஒரே இடத்தில் கேமராவைப் பகிர்ந்துகொண்டார்கள். அவ்வாண்டுதான் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியப் படிப்பை முடித்திருந்த நளினி மலானி தம் முதல் திரைப்படங்களையும் ஒளிப்படப் பரிசோதனைகளையும் அங்கே செய்தார். இந்தியக் காணொளிக் கலையின் முன்னோடிகளில் ஒருவராக இன்று அறியப்படுபவருக்கு அடித்தளம் அமைத்தவை ஓர் ஓவியப் பட்டமும் சில ஆண்டுகளே நடந்த ஒரு சிறு பட்டறையும்.

இவர்கள் விதிவிலக்கான திறமையாளர்கள், கல்லூரி இவர்களை உருவாக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். திறமையை எந்தக் கல்லூரியும் உருவாக்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான சூழல் ஒன்று இருந்தது. வேறு ஒரு கலையைச் செய்பவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். உடனே விற்க வேண்டும் என்ற நெருக்கடி சில ஆண்டுகளுக்கு இல்லை. எடுத்ததைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள். இம்மூன்றையும் ஒரு சிறிய கல்லூரியால் தர முடியும். வாங்கித் தர முடியாததும் இதுவே.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று கேட்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். முதற்பருவத்தில் கேமரா கையில் கிடைக்காமலும் போகலாம். தகர டப்பாவில் ஊசித்துளையிட்டு, உள்ளே ஒளியுணர் தாளை வைத்து, வெயிலில் நிமிடக் கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி, இலையையோ கைக்குட்டையையோ மேலே வைத்து, வெயிலில் காயவிட்டுத் தண்ணீரில் அலசினால் நீலப்படி கிடைக்கும். 1842இல் கண்டறியப்பட்ட அந்த முறைக்கு இருட்டறைகூடத் தேவையில்லை. படம் என்பது ஒளியும் காலமும் சேர்ந்து ஒரு பரப்பில் விட்டுச்செல்லும் தடம் என்பதைக் கை அறிந்துகொள்வதற்கான பயிற்சி இது.

படச்சுருளில் எடுக்க வாய்ப்புள்ள துறையாக இருந்தால் 36 படங்களுக்கு மேல் இல்லை என்ற வரம்பு வரும். 100 அடி 16 மி.மீ. சுருளில், நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில், ஏறத்தாழ இரண்டே முக்கால் நிமிடம்தான் எடுக்கலாம். அந்த இரண்டே முக்கால் நிமிடத்துக்காக ஒரு மாதம் திட்டமிடுகிற மாணவருக்கு, எதை எடுக்க வேண்டாம் என்று முடிவுசெய்யும் பழக்கம் தானாக வந்துவிடும். சுருள் இல்லாத துறையில் நல்ல ஆசிரியர் அதே வரம்பைக் கைபேசிக்கும் விதிக்கலாம்: இந்த வாரம் பத்தே படங்கள், எதையும் அழிக்கக்கூடாது. கைபேசியில் எடுத்தால் போதாதா, கல்லூரி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். கேமரா இன்று எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஓர் அறையில் அமர்ந்து, ஒரே படத்தை அரை மணி நேரம் பார்த்து, அதை எடுத்தவரின் முகத்துக்கு நேரே பேசும் ஏற்பாடு எந்தச் சட்டைப்பையிலும் இல்லை.

அந்த அமர்வில் எழும் கேள்விகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். கேமரா கிடைத்தவுடன் மாணவர்கள் அருகிலுள்ள கிராமத்துக்கோ சந்தைக்கோ சென்று, சுருக்கம் விழுந்த முதியவரின் முகத்தையும் குயவரின் கையையும் எடுத்து வருவது எல்லா ஊரிலும் நடப்பது. நல்ல அமர்வில் யாராவது ஒருவர் கேட்பார்: "இவர் பெயர் என்ன? இந்தப் படத்தை இவரிடம் காட்டினாயா? உன் பாட்டியை இப்படி எடுத்திருப்பாயா?" தொழில்நுட்பப் பாடம் இக்கேள்விகளைக் கேட்காது. சிற்பத் துறையில் களிமண் பிசையும் வகுப்புத் தோழன், அதே குயவர் குடும்பத்திலிருந்து வந்தவனாக இருந்தால், அவன் கட்டாயம் கேட்பான்.

நான் சொன்ன கடன் இங்கேதான் இருக்கிறது. பெயரின்றிப் படத்தில் நிற்கவைக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் இன்று அரசு நுண்கலைக் கல்லூரிகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகப் படிக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேமராவுக்கு முன்னே இருந்தவர்கள் அதன் பின்னே வந்து நிற்பதற்கு அவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல், குறைந்த கட்டணமும் இடஒதுக்கீடும் உள்ள பொதுக் கல்லூரி. தமிழ்நாட்டில் காட்சித் தொடர்பியல் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவாகவே நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். நுண்கலைப் புலங்களிலும் கேமரா சார்ந்த புதிய படிப்பு என்றாலே, 'உபகரணச் செலவு அதிகம்' என்ற காரணத்தைச் சொல்லி, சுயநிதியில் தொடங்கும் போக்கு பரவிவருகிறது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள்: ஓவியமும் சிற்பமும் ஏழை மாணவருக்கு, கேமரா பணமுள்ளவருக்கு என்று ஒரே வளாகத்துக்குள் ஒரு கோடு விழும். யார் பார்ப்பது, யார் பார்க்கப்படுவது என்ற பழைய பிரிவினை, கட்டண ரசீது வழியாகத் திரும்பி வரும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் வலுவானதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். முதல் தலைமுறை மாணவருக்கு வேலைதானே முதலில் வேண்டும்? அவரிடம் போய்ப் பார்வை, மரபு என்று பேசுவது வசதியானவர்களின் சொகுசு அல்லவா? இக்கேள்வியை நான் மதிக்கிறேன். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்குப் படத்தொகுப்பு மென்பொருளும் ஒலிப்பதிவும் ஒளியமைப்பும் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்; அவற்றைத் தாழ்வாக நினைக்கும் ஓவிய ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மென்பொருள்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன. காந்த நாடா போய், சிறு ஒளிநாடா வந்து, அதுவும் போய், நினைவட்டை வந்தது. கருவியை மட்டும் கற்றவர் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதிய மாணவராக வரிசையில் நிற்க நேரும். எந்தச் சட்டகத்தை ஏன் வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர் புதிய மென்பொருளை ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். பார்வைக் கல்வி சொகுசு என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

மறுபுறம், சிறிய கல்லூரியின் வறுமையைப் புனிதமாக்கும் பேச்சையும் நான் ஏற்கவில்லை. 'கேமரா இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே' என்று சொல்வது, நிதி கேட்க விரும்பாத நிர்வாகத்துக்கு வசதியான தத்துவம். பன்னிரண்டு பேருக்கு ஒரு கேமரா என்றால், அது இரவில் யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு துறையில் படத்தொகுப்பு அறை இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். மாணவியர் விடுதியின் கதவோ எட்டு மணிக்கே மூடப்படும். ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம். நான்காண்டுப் படிப்பில் அது எத்தனை மணி நேரமாகும் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு, 'பெண்கள் ஏன் ஒளிப்பதிவுக்கு வருவதில்லை' என்று கருத்தரங்கில் கேட்கலாம். உபகரணப் பற்றாக்குறை எப்போதும் எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. சொந்தமாகக் கேமரா வாங்க முடிந்தவரையும், இரவில் வெளியே இருக்க முடிந்தவரையும் அது தொடுவதே இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் கல்லூரிகள் மாணவர் படைப்புகளைக் காப்பதில்லை. அக்பர் பதம்சி அந்தப் பட்டறைக் காலத்தில் உருவாக்கிய 'ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்' என்ற படத்துக்கு ஒரே ஒரு படிதான் இருந்தது; அதுவும் தொலைந்துபோனது. பல பத்தாண்டுகள் கழித்து, இயக்குநர் அஷிம் அலுவாலியா பதம்சியின் நினைவிலிருந்து அதை மீட்க முயன்று, 2016இல் அதே பெயரில் ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. புகழ்பெற்ற ஓவியரின் படத்துக்கே இந்தக் கதி. இறுதியாண்டு மாணவரின் பதினைந்து நிமிடப் படம் எங்கே போகும்? மதிப்பெண் போட்டு முடித்ததும் அது ஒரு வன்தட்டில் கிடக்கும். அந்த வன்தட்டு ஒருநாள் இயங்காமல் போகும். ஓவியத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய மாணவர் ஓவியங்கள் சுவரில் தொங்குகின்றன. புதிதாக வருபவர் தனக்கு முன்னே யார் வந்தார்கள் என்று பார்க்கிறார். கேமரா படிப்பவருக்கு முன்னோர் இல்லை. ஒவ்வோர் அணியும் முதல் அணியைப் போலவே தொடங்குகிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, ஒளிப்படத்தையும் அசையும் படத்தையும் பயன்பாட்டுக் கலையின் துணைப்பாடம் என்ற இடத்திலிருந்து எடுத்து, எல்லாத் துறை மாணவர்களும் முதலாண்டில் படிக்கும் அடிப்படைப் பாடமாக வையுங்கள். இரண்டாவது, கேமரா சார்ந்த எந்தப் படிப்பையும் சுயநிதியில் தொடங்காதீர்கள். செலவு அதிகம் என்றால் கருவிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தை உயர்த்தாதீர்கள். மூன்றாவது, கருவி வழங்கும் பதிவேட்டையும் அறைகள் திறந்திருக்கும் நேரத்தையும் விடுதி நேரத்தோடு சேர்த்து ஒரே மேசையில் வைத்து முடிவு செய்யுங்கள். நான்காவது, ஒவ்வோர் ஆண்டும் மாணவர் படைப்புகளில் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றை நூலகத்திலும் வைத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களோடு பட்டியலிடுங்கள். இந்த நான்குக்கும் பெரும் நிதி தேவையில்லை. ஒரு நல்ல லென்சின் விலையில் நான்காவது வேலையை ஓராண்டுக்குச் செய்து முடிக்கலாம்.

சேரலாமா என்று கேட்கும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது எளிது. கல்லூரியைப் பார்க்கச் சென்றால் கேமராவின் பெயரைக் கேட்காதீர்கள். படம் பார்த்துப் பேசும் அமர்வு வாரத்தில் எத்தனை முறை நடக்கிறது, பிற துறைக்காரர்கள் அதற்கு வருகிறார்களா என்று கேளுங்கள். அறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று கேளுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் இங்கே படித்த ஒருவரின் படத்தை இப்போது போட்டுக்காட்ட முடியுமா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் கிடைக்கும் கல்லூரி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தயங்காமல் சேருங்கள்.

உங்கள் கல்லூரிகளில் நிலைமை எப்படி என்பதைக் கீழே எழுதுங்கள். எழுதும்போது கேமரா அலமாரியின் சாவி எந்தத் துறையிடம் இருக்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள்.